மின்னோட்டம் எங்கிருந்து வந்தது?

ஓர் உயிர்மூலக்கூற்றை அளப்பதற்கு, அதை நன்கு அறிந்த இன்னோர் உயிர்மூலக்கூற்றையே வேலைக்கு அமர்த்துவதுதான் நொதி உயிரி உணரியின் அடிப்படைக் கருத்து. நொதி என்பது உயிரணுக்களில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம்; எண்ணற்ற பொருள்கள் கலந்து கிடக்கும் குருதியில் தனக்குரிய ஒன்றை மட்டும் தேர்ந்து பற்றி அதை வேறொன்றாக மாற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. அம்மாற்றத்தின்போது பிறக்கும் பொருளையோ செலவாகும் பொருளையோ ஒரு மின்வாய் மின்னோட்டமாக மாற்றித் தருமானால், அந்த மின்னோட்டத்தைக் கொண்டு முதற்பொருளின் செறிவைக் கணக்கிட்டுவிடலாம். ஏற்பாடு எளியதாகத் தோன்றினாலும், கருவியின் திரையில் எழும் மின்னோட்டம் உண்மையில் நொதியின் செயலால் வந்ததா, வேறு எதனாலோ வந்ததா என்ற ஐயம் ஒவ்வொரு நாளும் எழுந்துகொண்டே இருக்கும். இத்தொழிலில் இருப்போரின் உழைப்பில் பெரும்பகுதி உணரியைச் செய்வதில் அன்று, இந்த ஐயத்தைத் தீர்ப்பதிலேயே செலவாகிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியையும் தங்க நானோ துகள்களையும் இணைத்து உணரி செய்யும் வேலையில் நெடுங்காலம் ஈடுபட்ட இக்கட்டுரையாளரின் பட்டறிவும் அதுவே.

இவ்வேலையின் வரலாறு அறுவை மருத்துவத்திலிருந்து தொடங்குகிறது. அமெரிக்கரான லீலண்ட் கிளார்க் 1956இல், பிளாட்டினம் மின்வாயின் மேல் மெல்லிய சவ்வைப் போர்த்தி, குருதியில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் முறையை அறிவித்தார். 1962இல் அவரும் சாம்ப் லயன்சும் எழுதிய கட்டுரையில், மின்வாய்க்கு முன்னே சவ்வுகளுக்கு இடையில் குளுக்கோஸ் ஆக்சிடேசைச் சிறைவைத்தால் குருதிச் சர்க்கரையையும் இவ்வாறே அளக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. அந்த நொதி குளுக்கோசை ஆக்சிஜனேற்றி குளுக்கோனோலாக்டோன் என்னும் பொருளாக மாற்றுகையில் ஆக்சிஜனைச் செலவழித்து ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடுகிறது. ஆகவே ஆக்சிஜன் குறைவதையும் அளக்கலாம், பெராக்சைடு கூடுவதையும் அளக்கலாம். 1967இல் அப்டைக், ஹிக்ஸ் இருவரும் நொதியைப் பாலிஅக்ரிலமைடு கூழில் நிலைநிறுத்திக் காட்டினர். 1975இல் ஓஹியோ மாநிலத்தின் எல்லோ ஸ்பிரிங்ஸ் நிறுவனம் முதல் வணிகக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆக்சிஜனுக்கு மாற்றாக, ஃபெர்ரோசீன் என்னும் இரும்புச் சேர்மத்தின் வழிப்பொருள் எலக்ட்ரான்களை நொதியிலிருந்து மின்வாய்க்குச் சுமந்து செல்லும் முறை இங்கிலாந்தில் 1984இல் வெளியாகி, 1987இல் பேனா அளவிலான வீட்டுக் கருவியாக உருப்பெற்றது. இன்று மருந்துக் கடையில் வாங்கும் சர்க்கரைப் பட்டை அந்த மரபின் வாரிசு.

நொதியைக் கையாளக் கற்பதே இத்தொழிலின் முதல் பாடம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சணத்திலிருந்து எடுக்கப்படுகிறது. வெங்காயத் தோலின் அடியில் கரித்தூள்போல் படிந்திருக்கும் கறுப்புப் பூஞ்சணத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. ஏறத்தாழ 1,60,000 டால்டன் நிறை கொண்ட இப்புரதம் இரு சம பாதிகளால் ஆனது. ஒவ்வொரு பாதியின் உள்ளேயும், மேற்பரப்பிலிருந்து ஒரு நானோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், எஃப்.ஏ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் துணைக்காரணி பொதிந்திருக்கிறது. துணைக்காரணி என்பது புரதம் அல்லாத, ஆனால் புரதத்தின் வேலைக்கு இன்றியமையாத சிறு மூலக்கூறு. குளுக்கோசிடமிருந்து எலக்ட்ரான்களைப் பெறுவது அதுவே. நொதிப்பொடி மஞ்சளாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். பொடி உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் வைக்கப்படுகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே புட்டியைத் திறந்தால், கடலோர ஊர்களின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பொடியின் மேல் நீர்த்துளிகளாகப் படிந்து, சில வாரங்களில் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை அரைமணி நேரம் காத்திருக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரே புட்டி ஒவ்வொரு மாதமும் வேறு வேறு எண்ணைத் தரும். கரைசலைக் குலுக்கி நுரை எழுப்புவதும் கூடாது, ஏனெனில் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் விரிந்து தன் வடிவத்தை இழக்கிறது. விலை மலிந்த நொதிப்பொடிகளில் கேட்டலேஸ் என்னும் வேறொரு நொதி சிறிதளவு கலந்திருப்பதுண்டு. அது பெராக்சைடைச் சிதைப்பதால், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் உண்டாக்கும் குறிப்பின் ஒரு பகுதி மின்வாயைச் சேருமுன்னரே அழிந்துபோகும். புட்டியின் மேலொட்டிய தாளில் அச்சிடப்பட்ட அலகுகளை நம்பிக் கணக்குப் போடுவதைவிட, ஒவ்வொரு புதுப் புட்டியையும் தன் கையாலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது என்பதை இக்கட்டுரையாளர் தாமதமாகவே கற்றுக்கொண்டார்.

அடுத்தது தங்கம். நானோ துகள் என்பது நானோமீட்டர் அளவில், அதாவது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கப்படும் துகள். வழக்கில் 1 முதல் 100 நானோமீட்டர் வரை குறுக்களவு உடையவற்றை அவ்வாறு அழைக்கின்றனர். மைக்கேல் ஃபாரடே 1857இல் தங்கக் கூழ்மத்தின் சிவப்பு நிறத்துக்கும் துகள்களின் நுண்மைக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். அவர் செய்த கூழ்மப் புட்டிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஆய்வகங்களில் இன்று பின்பற்றப்படும் செய்முறை, 1951இல் டர்கெவிச்சும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்டதும் 1973இல் ஃபிரென்ஸ் செம்மைப்படுத்தியதுமாகும். தங்கக் குளோரைடு அமிலத்தின் நீர்த்த கரைசலைக் கொதிக்கவிட்டு, நன்கு சுழன்றுகொண்டிருக்கும்போது சோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே முறையாக ஊற்ற வேண்டும். வெளிர்மஞ்சள் முதலில் மறைந்து கரைசல் நிறமற்றுப் போகிறது. பின் சாம்பலும் கருநீலமும் கலந்த ஒரு நிறம் படர்ந்து, ஊதாவாகி, சில நிமிடங்களில் திராட்சை மதுவின் தெளிந்த சிவப்பில் வந்து நிலைக்கிறது. சிட்ரேட் எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பு. தங்க அயனியைத் தங்கமாக மாற்றுவதும், உருவான துகளைச் சுற்றி எதிர்மின் போர்வையாக அமர்ந்து துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பதும் அதன் இரட்டைப் பணி. சிட்ரேட்டைக் கூட்டினால் துகள் சிறுக்கும், குறைத்தால் பெருக்கும்.

எழுதிவைக்கும்போது எளிதாகத் தோன்றும் இச்செய்முறை கைகூடுவதும் பொய்த்துப்போவதும் பாத்திரத்தின் தூய்மையைப் பொறுத்தது. மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த இராஜ திராவகத்தால் கண்ணாடிக் குடுவையைக் கழுவி, தூய நீரால் பலமுறை அலசிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். முந்தைய நாள் துகளின் எச்சம் சுவரில் ஒட்டியிருந்தால் புதுத் தங்கம் அதன்மேலேயே வளர்ந்து, ஒரே அளவுத் துகள்களுக்குப் பதிலாகப் பலவகை அளவுகள் கலந்த கலங்கலைத் தரும். தங்கக் குளோரைடை உலோகக் கரண்டியால் அள்ளக் கூடாது. அள்ளினால் கரண்டியின் உலோகம் கரைந்து, தங்கம் அதன்மேல் படியும். நிறம் நன்றாக வந்ததா என்பதைக் கண்ணே ஓரளவு சொல்லிவிடும் என்றாலும், நிறமாலைக் கருவியில் 520 நானோமீட்டர் அருகே கூரிய முகடு எழுகிறதா என்று பார்ப்பது வழக்கம். முகடு அகன்று 600ஐ நோக்கிச் சாய்ந்தால் துகள்கள் திரண்டுவிட்டன என்று பொருள். அந்தக் கரைசலைக் காப்பாற்ற முயல்வதைவிடக் கழிவுப் புட்டியில் சேர்த்துவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்குவதே சிக்கனம்.

இத்தனை பாடுபட்டுத் துகள் செய்வதற்குக் காரணம் பரப்பளவு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள தங்கக் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக அறுத்தால் பரப்பு 600 சதுர மீட்டராகப் பெருகும், அதாவது இரண்டரை கிரவுண்டு மனைக்கும் மேல். அந்தப் பரப்பில் அமரக்கூடிய நொதியின் அளவும் அவ்வாறே பெருகுகிறது. வெறும் தட்டையான உலோகத்தின்மேல் நேரே படியும் புரதம் பல சமயங்களில் சப்பையாகி வடிவிழந்துவிடும். தன்னளவுக்கு நெருங்கிய அளவுள்ள துகளின் வளைந்த மேற்பரப்பில் அது பெரும்பாலும் தன் இயல்பைக் காத்துக்கொள்கிறது. கூழ்மத் தங்கத்தின்மேல் நொதிகளை ஏற்றி மின்வாயில் படியவைத்து, அவை செயலிழக்காமல் இருப்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரம்ப்ளிஸ் குழுவினர் 1992இல் காட்டியது இவ்வழியின் தொடக்கங்களில் ஒன்று. பின்னர் பிளாட்டினம், துத்தநாக ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு என்று பலவகைத் துகள்கள் வந்தன. துத்தநாக ஆக்சைடு பொதுவான பி.எச். அளவில் நேர்மின் தன்மையும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் எதிர்மின் தன்மையும் உடையவை. எனவே பசை எதுவும் இல்லாமலேயே அவை ஒன்றையொன்று ஈர்த்துப் பற்றிக்கொள்ளும்.

தங்கத்தையும் நொதியையும் இணைக்கும் கட்டத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகின்றனர். நொதியைக் கரைப்பதற்குப் பயன்படுத்தும் தாங்கல் கரைசலில் உப்பு உண்டு. அதைச் சிவந்த கூழ்மத்தில் நேரே ஊற்றினால், சிட்ரேட் போர்வையின் மின்விலக்கம் உப்பால் மறைக்கப்பட்டு, துகள்கள் நொடியில் திரண்டு கரைசல் நீலமாகிவிடும். இக்கட்டுரையாளரின் ஆய்வகத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்ந்த மாணவர் யாரேனும் ஒருவர், ஒரு வார உழைப்பு இவ்வாறு நீலமாகிப் போவதைக் கண்டு கலங்கி நின்றதுண்டு. முறையான வழி, முதலில் உப்புக் குறைந்த நீரில் புரதத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிப் பல குழாய்களில் தங்கத்தோடு கலந்து, பிறகு ஒவ்வொன்றிலும் உப்பிட்டுப் பார்ப்பது; எந்தக் குழாயில் சிவப்பு மாறாமல் நிற்கிறதோ அந்த அளவுப் புரதம் துகளை முழுதும் மூடியிருக்கிறது. ரிச்சர்ட் ஜிக்மாண்டி என்னும் வேதியியலார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த தங்க எண் என்னும் பழைய சோதனையின் வழிவந்தது இது. அவருக்கு வேதியியல் நோபல் பரிசு 1925ஆம் ஆண்டுக்கு உரியதாக வழங்கப்பட்டது. நூறாண்டு பழைய இச்சோதனை, விலை உயர்ந்த கருவிகள் சொல்லாத செய்தியை ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

மின்வாயாகப் பெரும்பாலும் பயன்படுவது மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடிக் கரி வட்டு. அலுமினாத் தூளை நீரில் குழைத்து, 1 மைக்ரான், 0.3 மைக்ரான், 0.05 மைக்ரான் என்று படிப்படியாக நுண்மை கூட்டி, எட்டு என்னும் எண்ணின் வடிவில் கையைச் சுழற்றி மெருகேற்றுவது மரபு. ஒரே திசையில் தேய்த்தால் கோடு விழும், அழுத்தித் தேய்த்தால் முகம் சாயும். மெருகு சரியாக அமைந்ததா என்பதை அறிய, ஃபெர்ரிசயனைடு கரைசலில் மின்னழுத்தத்தை முன்னும் பின்னும் ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைந்து பார்க்கின்றனர். சுழற்சி வோல்ட்டாமெட்ரி எனப்படும் அம்முறையில் எழும் இரு முகடுகளுக்கு இடையிலான தொலைவு கொள்கைப்படி 59 மில்லிவோல்ட். அதற்கு நெருங்கிய அளவு வரும்வரை மறுபடி மெருகேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதன்பின் தங்கத்தில் ஏறிய நொதியை, இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசான் கரைசலோடு கலந்து, ஐந்து மைக்ரோலிட்டர் துளியாக வட்டின்மேல் இட்டு உலர்த்துவர். சிலர் குளூட்டரால்டிஹைடு கொண்டு புரதங்களை ஒன்றோடொன்று பிணைப்பர். அந்தப் பிணைப்பான் கூடினால் நொதி கட்டுண்டு அசையாமல் போகும், குறைந்தால் கழுவும்போது வழிந்துபோகும். துளி விரைந்து உலர்ந்தால் மேசையில் சிந்திய காப்பி ஓரத்தில் வளையமாகக் கறைபடிவதுபோல் நொதியும் விளிம்பில் ஒதுங்கி நடுவில் வெறுமை விழும். மூடிய பெட்டிக்குள் ஈரத்தோடு மெல்ல உலரவிடுவதே சிறந்தது. அந்தப் பொறுமை உள்ளவரின் பத்து மின்வாய்களும் ஒத்துப்போகும்.

இனி மின்னோட்டம். பிளாட்டினத்தில் பெராக்சைடை ஆக்சிஜனேற்ற ஏறக்குறைய 0.6 முதல் 0.7 வோல்ட் தேவைப்படுகிறது. இந்த அழுத்தத்தில் குருதியில் உள்ள அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும், நோயாளி காய்ச்சலுக்கு விழுங்கிய பாராசிட்டமாலும்கூட ஆக்சிஜனேற்றமடைந்து மின்னோட்டம் தருகின்றன. நொதி எவ்வளவு நேர்மையாகத் தேர்ந்தெடுத்தாலும் மின்வாய்க்கு அந்தத் தேர்வு தெரியாது என்பதே இதன் பொருள். நாஃபியான் என்னும் எதிர்மின் தன்மையுள்ள பலபடிப் படலத்தைப் போர்த்தினால் அஸ்கார்பேட்டும் யூரேட்டும் விலக்கப்படும். மின்னூட்டமற்ற பாராசிட்டமால் அதைக் கடந்து உள்ளே வந்துவிடும். பிரஷ்ய நீலம் என்னும் பழைய ஓவியச் சாயத்தை மின்வாயில் பூசினால் பெராக்சைடை ஏறத்தாழ சுழிய வோல்ட்டிலேயே அளக்கலாம் என்பது ரஷ்ய வேதியியலார் கார்யாகினின் ஆய்வுகளால் பரவலாகத் தெரிந்தது. ஆயினும் நடுநிலைக் கரைசலில் அது மெல்ல மெல்லக் கரைந்துபோவதால் பூச்சு முறையில் மிகுந்த கவனம் வேண்டும். நானோ துகள்களின் வினையூக்கத் திறன் இங்குதான் உதவுகிறது: பிளாட்டினத் துகள் பதித்த மின்வாய், தட்டையான மின்வாயைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே பெராக்சைடுக்கு வலுவாக விடை தருகிறது.

அந்த வினையூக்கத் திறனே ஐயத்துக்கும் இடம் தருகிறது. நானோ துகள் தானாகவே வினை செய்யக்கூடியது என்பது 2007இல் பெய்ஜிங்கில் யான் சியுன் குழுவினர் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பெராக்சிடேஸ் நொதியைப்போலவே செயல்படுகின்றன என்று காட்டியபோது ஐயமின்றித் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், கார்பன் நானோ குழாய்களின் புகழுக்குக் காரணமான சில வினைகள் அவற்றில் ஒட்டியிருந்த இரும்பு எச்சத்தால் நிகழ்ந்தவை என்று இங்கிலாந்தின் காம்ப்டன் குழுவினர் மெய்ப்பித்தனர். ஆகவே நொதி இல்லாத மின்வாய், நொதிக்குப் பதிலாக மாட்டுச் சீரப் புரதம் பூசிய மின்வாய், துகள் இல்லாத மின்வாய் என்று மூன்று ஒப்பீட்டு மின்வாய்களை ஒவ்வொரு முறையும் சேர்த்தே செய்து, நான்கையும் ஒரே நாளில் ஒரே கரைசலில் அளக்க வேண்டும். பொன்னின் மாற்றை உரைகல்லில் உரைத்துப் பாராமல் நகையை எடைபோட்டு வாங்குவார் இல்லை; உணரிக்கு உரைகல் இந்த மூன்று மின்வாய்கள். வேலைப்பளுவை நான்கு மடங்காக்குவதால் இவற்றைத் தவிர்க்க விரும்பும் மனம் எவருக்கும் இருக்கும். இக்கட்டுரையாளரும் ஒரு காலத்தில் தவிர்த்தவரே. சில மாதங்கள் மகிழ்ச்சியோடு வரைந்த நேர்கோடு ஒன்றை, பின்னர் செய்த நொதியில்லா மின்வாயும் பெருமளவு தந்துவிட்டது கண்டு, அந்த ஆய்வேட்டின் பக்கங்களை மொத்தமாக விலக்க நேர்ந்தது.

இத்துறையின் மிக ஆழமான கருத்து வேறுபாடும் இதே கேள்வியைப் பற்றியதுதான். எஃப்.ஏ.டி. புரதத்தின் ஆழத்தில் புதைந்திருப்பதால் மின்வாய்க்கு அது நேரே எலக்ட்ரானைத் தர இயலாது. அவ்வாறு தர முடிந்தால் ஆக்சிஜனும் வேண்டாம், இடையில் சுமக்கும் மூலக்கூறும் வேண்டாம். ஜெரூசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் வில்னர் குழுவினர் 2003இல் இதற்கு அழகிய தீர்வு கண்டனர்: நொதியிலிருந்து எஃப்.ஏ.டி.யை முதலில் நீக்கி, 1.4 நானோமீட்டர் தங்கத் துகளோடு புது எஃப்.ஏ.டி.யைப் பிணைத்து, அந்தத் துகளின் வழியே நொதியை மீண்டும் கட்டியெழுப்பினர். துகள் ஒரு கம்பியாகச் செயல்பட்டு நொடிக்கு ஏறத்தாழ 5000 எலக்ட்ரான் மாற்றங்களைத் தந்தது. இயற்கையில் ஆக்சிஜனோடு நடப்பது நொடிக்கு ஏறத்தாழ 700. இதன்பின், இத்தகைய நுட்பம் எதுவும் இன்றி நானோ பொருளின்மேல் நொதியைப் பூசியதுமே நேரடி எலக்ட்ரான் மாற்றம் கிடைத்ததாகக் கூறும் கட்டுரைகள் பெருகின. ஏறத்தாழ எதிர் 0.45 வோல்ட்டில் எழும் இரட்டை முகடே அவை காட்டிய சான்று. 2016இல் ஜார்ஜ் வில்சனும், 2018இல் பிலிப் பார்ட்லெட்டும் அவருடன் பணியாற்றியவரும் அச்சான்றுகளை ஆராய்ந்து, இயல்பான குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அவ்வாறு நேரே எலக்ட்ரானைத் தருவதற்கு ஆதாரம் இல்லை என்றும், நொதியிலிருந்து கழன்று மின்வாயில் ஒட்டிய எஃப்.ஏ.டி.யாலேயே அம்முகடு எழக்கூடும் என்றும் எழுதினர்.

அந்த எழுத்துகள் வருமுன்னரே, கொதிநீரில் வைத்துச் செயலிழக்கச் செய்த நொதியைப் பூசிய மின்வாயிலும் அதே முகடுகள் அதே இடத்தில் எழுந்ததைக் கண்டு இக்கட்டுரையாளர் குழம்பியதுண்டு. இறந்த நொதி சர்க்கரையை அறியாது. அது தரும் முகடு உயிருள்ள நொதியின் சான்றாக இருக்க இயலாது. முறையான சோதனை கடினமானதும் அன்று: கரைசலில் நைட்ரஜனை இருபது நிமிடம் குமிழியிட்டு ஆக்சிஜனை வெளியேற்றிய பிறகு குளுக்கோசைச் சேர்த்து, அந்த முகடு இருக்கும் அழுத்தத்தில் ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கட்டுரைகளில் காட்டப்பட்டது இதற்கு நேர்மாறானது. ஆக்சிஜன் உள்ள கரைசலில் குளுக்கோசைச் சேர்த்தபோது ஆக்சிஜனொடுக்க மின்னோட்டம் குறைந்தது, அவ்வளவே. அது 1962ஆம் ஆண்டின் கிளார்க் முறையேயன்றிப் புதிய எலக்ட்ரான் பாதை அன்று. அத்தகைய உணரி பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அது சர்க்கரையைச் சரியாகவே அளக்கலாம். ஆனால் ஆக்சிஜனை நம்பியிருக்கும் கருவியை ஆக்சிஜன் தேவையற்றது என்று நம்பி, ஆக்சிஜன் குறைந்த திசுவுக்குள் பொருத்தினால் அது பொய் சொல்லும்.

ஆக்சிஜனின் கணக்கு எப்போதும் நினைவில் இருக்க வேண்டியது. காற்றோடு சமநிலையில் உள்ள நீரில், 25 பாகை வெப்பத்தில், ஆக்சிஜன் ஏறத்தாழ 0.25 மில்லிமோலார் மட்டுமே கரைந்திருக்கும். உணவுக்கு முன் நலமான ஒருவரின் குருதிச் சர்க்கரை ஏறத்தாழ 5 மில்லிமோலார், அதாவது ஒரு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம். ஒரு குளுக்கோசுக்கு ஓர் ஆக்சிஜன் தேவை என்பதால், தடையின்றி விட்டால் ஆக்சிஜன் முதலில் தீர்ந்து, சர்க்கரை எவ்வளவு கூடினாலும் மின்னோட்டம் கூடாது நிற்கும். எனவே குளுக்கோசை மெல்லவும் ஆக்சிஜனைத் தாராளமாகவும் விடும் வெளிச்சவ்வு தேவையாகிறது. அச்சவ்வு மின்னோட்டத்தைக் குறைக்கும். அதனால் ஆய்விதழில் பெருமையாகச் சொல்லப்படும் உணர்திறன் எண்ணும் குறையும். மிகக் குறைந்த செறிவையும் கண்டறிவதாகக் கூறிப் போட்டியிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது இக்கட்டுரையாளருக்கு வருத்தமே மிஞ்சுகிறது. நீரிழிவு நோயாளியின் குருதியில் 20 மில்லிமோலாரும் அதற்கு மேலும் சர்க்கரை இருக்கக்கூடும். 1 மில்லிமோலாருக்கு மேல் நேர்கோடு வளைந்துவிடும் உணரி, நானோமோலார் அளவைக் கண்டறிந்தாலும் அவருக்குப் பயன்படாது. வியர்வை, கண்ணீர், உமிழ்நீர் ஆகியவற்றில் சர்க்கரை மிகக் குறைவு என்பதால் அங்கே அந்த நுண்மைக்கு இடம் உண்டு. எந்த நீர்மத்துக்காகச் செய்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்காமல் உணரி செய்வது, கால் அளவு கேளாமல் செருப்புத் தைப்பதற்கு ஒப்பாகும்.

கரைசல்களும் தம் பங்குக்கு ஏமாற்றும். ஒரே குளுக்கோஸ் கரைசல் காலையில் குறைந்த மின்னோட்டத்தையும் பிற்பகலில் கூடுதலான மின்னோட்டத்தையும் தந்து, மின்வாய் தானே மேம்பட்டு வருவதாக ஒரு மாயத் தோற்றத்தை உண்டாக்குவதுண்டு. கடையில் வாங்கும் குளுக்கோஸ் பெரும்பாலும் ஆல்பா வடிவத்தில் இருக்கிறது. நீரில் கரைந்தபின் அது மெல்ல மாறி, ஆல்பா 36 விழுக்காடும் பீட்டா 64 விழுக்காடுமாகச் சமநிலை அடைகிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பீட்டா வடிவத்தை மட்டுமே விரும்பும் நொதி. ஆகவே கரைசலை முதல்நாள் மாலையே செய்து இரவு முழுதும் வைத்திருந்து மறுநாள் பயன்படுத்துவது இத்துறையின் எழுதாச் சட்டம். எழுதாச் சட்டமாக இருப்பதாலேயே புதியவர் ஒவ்வொருவரும் அதைத் தம் நேரத்தை இழந்துதான் அறிகின்றனர்.

தாங்கல் கரைசலிலிருந்து குருதிக்குப் போகும்போது எண்ணாத வழிகளில் இடர் வரும். மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த குருதி மாதிரிகளில், ஆய்வகத்து உணரி தொடர்ந்து குறைந்த அளவையே காட்டியது. மின்வாயில் புரதம் படிந்து அடைத்துவிட்டது என்று எண்ணி, பல நாள்கள் சவ்வை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் தவறு உணரியில் இல்லை என்று தெரிந்தது. குழாயில் எடுத்த குருதியிலும் சிவப்பணுக்கள் உயிரோடு இருந்து சர்க்கரையை உண்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை அது குறைகிறது. மாதிரிகள் ஃபுளூரைடு இல்லாத குழாய்களில் எடுக்கப்பட்டு, வெயிலில் பயணித்து, மூன்று மணி நேரம் கழித்தே மேசைக்கு வந்திருந்தன. உணரி உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்க, அதைச் செய்தவர்களே அதை நம்பவில்லை.

இதற்கு நேரெதிரான நிகழ்ச்சி, அதாவது கருவி சொன்ன பொய்யை அனைவரும் நம்பியது, உயிர்களையே பறித்தது. பி.கியூ.கியூ. என்னும் துணைக்காரணி கொண்ட குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜனைச் சாராதது என்பதால் வீட்டுக் கருவிகள் சிலவற்றில் பயன்பட்டது. ஆனால் அது மால்ட்டோசையும் குளுக்கோசாகவே எண்ணும். வயிற்றறை வழியாகச் சிறுநீரகச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் நோயாளிகள் சிலருக்குத் தரப்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுப்பொருள் உடலில் மால்ட்டோசாகச் சிதைகிறது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருந்தபோதும் கருவி உயர்ந்த எண்ணைக் காட்டியதால் அவர்களுக்கு இன்சுலின் தரப்பட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் வெளியிட்ட எச்சரிக்கையில் இவ்வகையில் 13 இறப்புகள் குறிப்பிடப்பட்டன. அந்தக் கருவிகளின் மின்னணுப் பகுதியில் பிழை இல்லை, பட்டையின் அச்சில் பிழை இல்லை. மின்னோட்டம் வேறொரு சர்க்கரையிலிருந்து வந்தது. ஆய்வகத்தில் ஃபிரக்டோஸ், மால்ட்டோஸ், கேலக்டோஸ், லாக்டோஸ் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே துளியிட்டு, மின்னோட்டக் கோடு அசையாமல் கிடப்பதைப் பார்த்து எழுதிவைக்கும் சலிப்பூட்டும் பிற்பகல்களுக்கு அந்தப் 13 பேரே பொருள் தருகின்றனர்.

எல்லாம் கூடிய பிறகும் உணரி எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரையைச் சேர்த்து உலர்த்தினால் அது நீரின் இடத்தைப் பிடித்துப் புரதத்தின் வடிவத்தைத் தாங்குகிறது. ஈரம் உறிஞ்சும் மணிகளோடு மூடிய புட்டியில், நான்கு பாகைக் குளிரில், மின்வாய்கள் வரிசையாக வைக்கப்படுகின்றன. வாரம் ஒன்றை எடுத்து, அறை வெப்பத்துக்கு வரவிட்டு, முந்தைய நாள் செய்த 5 மில்லிமோலார் கரைசலில் அளந்து, அதே நாளில் நொதியில்லா மின்வாயையும் அளந்து, இரண்டு எண்களும் ஒரே வரியில் எழுதப்படுகின்றன. நான்காம் வாரத்தில் மின்சாரம் தடைப்பட்டு, குளிர்பெட்டி ஓர் இரவு அணைந்துபோயிருந்தால் அதுவும் அந்த வரியிலேயே எழுதப்படுகிறது.